பாதுகாப்பு என்றொரு பூட்டு

தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல் மூன்று ஆள் வேலை பார்க்கிறது. காட்டையும் பறவையையும் அழியாமல் வைத்திருப்பது பாதுகாப்பு. பெண்ணுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதும் பாதுகாப்பு. மூன்றுக்கும் ஒரே சொல்லாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஒன்றைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றைச் செய்துவிடலாம்.

மூன்றும் கூடி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவதொரு இயற்கைப் பூங்காவின் நுழைவாயிலுக்குப் போங்கள். டிக்கெட் கவுண்டர், தடுப்புக் கம்பி, காவலர், 'செய்யக்கூடாதவை' எழுதிய பலகை. உள்ளே சதுப்பு, அதன்மேல் மரப்பலகை நடைபாதை, பறவை பார்க்க ஒரு கோபுரம். இந்த வாசலில் இரண்டு பெண்கள் தடுக்கப்படுகிறார்கள். ஒருத்தி துணை இல்லாமல், சும்மா நடக்க வந்தவள். 'உங்க பாதுகாப்புக்குத்தாம்மா சொல்றோம்' என்கிறார்கள் அவளிடம். இன்னொருத்தி சேற்றில் இறங்கி இறால் எடுக்க வந்தவள். 'இது பாதுகாக்கப்பட்ட பகுதி' என்கிறார்கள் அவளிடம். முதலாமவளுக்கு வேலை இல்லாதது குற்றம். இரண்டாமவளுக்கு வேலை இருப்பது குற்றம். இரண்டு தடையும் ஒரே தடைதான், ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை உடைக்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில், சும்மா வந்தவள்.

தனியாக ஒரு பூங்காவுக்குப் போன பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வி தெரியும். 'தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலையா?' நானும் பல ஊர்களில், பல வாசல்களில் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். உண்மையான அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. ஆனால் கேமராவோடு தனியாக வரும் ஆண் பறவை ஆர்வலர். கேமரா இல்லாமல் வரும் ஆண் நடைப்பயிற்சிக்காரர். நடைபாதை ஓரத்தில் துண்டை விரித்துத் தூங்கும் ஆண், பாவம், களைத்தவர். தனியாக வந்து, ஒன்றும் செய்யாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மட்டும் இரண்டே விளக்கங்கள்தாம் இருக்கின்றன: யாருக்கோ காத்திருக்கிறாள், அல்லது சாகப்போகிறாள். ஒரு நாரை அசையாமல் நிற்பதைக் காட்டித்தான் டிக்கெட் விற்கிறார்கள். ஒரு பெண் அசையாமல் நின்றால் காவலர் வந்துவிடுகிறார்.

ஓர் ஆணோடு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அவன் கணவனா, காதலனா, அண்ணனா, உடன் படிப்பவனா என்ற விசாரணை தொடங்கும். கல்லூரி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு 'வீட்டுக்கு ஃபோன் போடட்டுமா?' என்று மிரட்டப்பட்டதை மாணவிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பையனிடம் அப்படிக் கேட்பதில்லை. அவன் வீட்டுக்குத் தெரிந்தால் ஒன்றும் ஆகாது என்பது மிரட்டுகிறவருக்கும் தெரியும். ஆக, பெண்ணுக்கென்று அந்த வாசலில் திறந்திருக்கும் வழி ஒன்றுதான்: குடும்பம். கையில் குழந்தை, தோளில் சாப்பாட்டுப் பை, பக்கத்தில் மாமியார். அப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. உள்ளே போனாலும் அவள் பார்ப்பது சதுப்பை அல்ல. குழந்தை கம்பியில் ஏறுகிறதா, தண்ணீர் பாட்டில் காலியாகிவிட்டதா, மாமியாருக்குக் கால் வலிக்கிறதா என்பதைத்தான். ஊர் சுற்றப் போனாலும் அடுப்படி கூடவே வருகிறது.

கழிப்பறையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நான் பார்த்த பல பூங்காக்களில் கழிப்பறை வாசலோடு சரி. நடைபாதையோ உள்ளே நீண்டுகொண்டே போகிறது. மாதவிடாய் நாளில் வந்த மாணவிக்கு, கருவுற்றவளுக்கு, சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு, அந்தப் பாதையின் நீளத்தை நிர்ணயிப்பது வரைபடம் அல்ல, அடிவயிறு. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இயற்கையை ரசிக்கப் போகும் உயிரினம் பெண் ஒருத்திதான். முகாம் போடும் இடங்களில் இன்னும் மோசம். கூடாரத்துக்குக் கட்டணம் வாங்குவார்கள். இரவில் விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை எங்கே என்று கேட்டால், 'காட்டுக்கு வந்துட்டு இதெல்லாம் எதிர்பார்க்கலாமா?' என்பார்கள். காடு எல்லோருக்கும் சமமான கஷ்டத்தைத் தருவதில்லை. ஒரு தாழ்ப்பாளின் விலையை மிச்சம் பிடித்துவிட்டு அதற்குச் சாகசம் என்று பெயர் வைக்கிறார்கள்.

நான் நெய்தல் திணை நடத்தும் ஆசிரியை. கழி, கானல், கண்டல், தாழை, அடும்பு என்று கரும்பலகையில் எழுதுகிறேன். வகுப்பில் இருக்கும் மாணவிகளில் பாதிப் பேருக்குக் கடற்கரை மாவட்டத்தில்தான் வீடு. ஆனாலும் கண்டல் மரம் எப்படியிருக்கும் என்று பலருக்குத் தெரியாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று சொன்னபோது, 'போய்ப் பார்க்கலாமா மேடம்?' என்று கேட்டார்கள். ஒரு நாள் பயணத்துக்கு அனுமதி கேட்டு எழுதினேன். கல்லூரியிலிருந்து வந்த நிபந்தனைகள்: ஒவ்வொரு மாணவியும் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் தர வேண்டும், ஆண் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் உடன்வர வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். அதே பருவத்தில் வேறொரு துறையின் மாணவர்கள் மலையடிவாரத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தார்கள். அவர்களிடம் கடிதம் கேட்கப்படவில்லை. நான் இதை எழுத்தில் கேட்டேன். 'உங்களுக்கே தெரியாதா மேடம், காலம் கெட்டுக் கிடக்கிறது' என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. காலம் கெட்டுக் கிடக்கிறதென்றால் கெடுத்தவர்களைத்தானே வீட்டில் வைத்திருக்க வேண்டும்?

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இற்செறிப்பு. தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருந்தவளை, கழிக்கரையில் நண்டோடு விளையாடிக்கொண்டிருந்தவளை, ஊர் வாய் திறந்ததும் வீட்டுக்குள் அடைப்பது. அகப்பாட்டில் அதை அன்பின் ஒரு துறையாகப் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறோம். மறந்துவிடக் கூடாத விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது. அடைக்கப்படுவதற்கு முன்னால் அவள் வெளியில் இருந்தாள். நிலத்தோடு அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலையின் நடுவே சும்மா இருக்கும் நேரமும் இருந்தது. பெண்ணை நிலத்திலிருந்து பிரித்தது இயற்கை அல்ல, அம்பலும் அலரும்தான். இன்றைய பூங்கா வாசலில் டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துத் தரப்படுவதும் அதே அலர்தான்.

இது வெறும் காவலர்களின் மனப்பான்மை என்று நினைக்க வேண்டாம். அரசாணையின் பலத்தோடும் இது நின்றிருக்கிறது. நாம் பொதிகை என்று படித்த அகத்தியர் மலையின் உச்சி, 1,868 மீட்டர் உயரத்தில், கேரளப் பக்கம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் வனத்துறையே அனுமதி கொடுத்து மலையேற்றம் நடத்திவந்தது. பெண்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போயின. பாலின அடிப்படையில் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் மேலே ஏறினார். அவர் அப்போது பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவருக்கு ஒரு மலையில் ஏற நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

அந்த மலையில் வாழும் காணிப் பழங்குடியினர் பெண்கள் ஏறுவதை எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. அதை நான் ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை. அது அவர்களுடைய மலை. அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றி அவர்களோடு, குறிப்பாகக் காணிப் பெண்களோடு, உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் எங்கிருந்தோ வரும் ஆண்களையெல்லாம் பருவம் முழுக்க மேலே அனுப்பிக்கொண்டிருந்த துறைக்குப் பெண்கள் வரும்போது மட்டும் பழங்குடியின் நம்பிக்கையைக் காட்ட என்ன தகுதி இருக்கிறது? புனிதம் என்றால் டிக்கெட்டே விற்கக் கூடாது. டிக்கெட் விற்றால் பாதிப் பேருக்கு மட்டும் விற்கக் கூடாது.

அடுத்து வருவது குரங்கணி. அதைச் சொல்லாமல் யாரும் என்னை விடமாட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேறப் போயிருந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அந்த வாரம் பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் நான் கேட்டது தீயைப் பற்றிய பேச்சு அல்ல. 'பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கு மலையேத்தம்?' என்ற பேச்சு. கோடையில் காய்ந்த புல்லைப் பற்றி, தீ எச்சரிக்கை பற்றி, அனுமதி தரும் முறை பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இறந்த பெண்களின் ஆசையைப் பற்றிய கேள்விகளாக மாறின. ஆண்டுதோறும் நெடுஞ்சாலையில் ஆண்கள் இறக்கிறார்கள். ஆண்களுக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் என்று யாரும் கேட்பதில்லை. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். ஆபத்தைக் குறைக்க வழி இதுதான். விதி, பயிற்சி, முன்னெச்சரிக்கை. வீட்டுக்குள் அடைப்பது வழி அல்ல.

வீடு பாதுகாப்பானது என்று யார் சொன்னது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை ஆண்டுதோறும் புரட்டிப் பாருங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடத்தில் நிற்பது கணவனும் அவன் உறவினர்களும் இழைக்கும் கொடுமை. பாலியல் வன்முறை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். சதுப்பில் முதலை இருக்கலாம். வீட்டில் இருப்பவனைப் பற்றி எந்த வாசலிலும் எச்சரிக்கைப் பலகை வைப்பதில்லை.

இப்போது இரண்டாமவள்.

எண்ணூர்ப் பக்கம், கொசஸ்தலை ஆற்றில், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. எந்தச் சேற்றில் எப்போது இறால் ஒதுங்கும் என்பது விரலுக்குத் தெரியும். பிச்சாவரத்துக் கால்வாய்களிலும் இருளர்களின் மீன்பிடிப்பு இப்படிக் கையை நம்பித்தான் நடந்துவந்திருக்கிறது. இராமநாதபுரத்துக் கடலோரத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் இயற்கையைப் பார்வையிட வருவதில்லை. அது அவர்களுடைய வேலைத்தலம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 28ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எதற்காகவெல்லாம் ஒருவருக்குச் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வன உயிரினங்களைப் பற்றிய ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு சட்டபூர்வமான கொடுக்கல் வாங்கல். சுற்றுலா என்று சொன்னால் உள்ளே போகலாம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிழைப்பவள் தன் உரிமைக்கு ஆவணம் காட்ட வேண்டும். காகிதத்தில் எழுதி வைக்காத உழைப்பு எப்போதும் பெண்ணின் உழைப்பாகத்தானே இருந்திருக்கிறது? சமையலறையில் நடப்பது சதுப்பிலும் நடக்கிறது.

'அவர்களை விட்டால் அழித்துவிடுவார்கள்' என்பது அடுத்த வாதம். பிச்சாவரத்தின் கதையைக் கேளுங்கள். அங்கே கண்டல் காடு பெருமளவு அழிந்தபோது விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று பழி உள்ளூர் மக்கள் மேல் விழுந்தது. பின்னால் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது தெரியவந்த முக்கியக் காரணம் வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, 1970கள் வரை வனத்துறையே பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து மரம் எடுத்துவந்தது. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமானது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கியது. உப்பு ஏறி எதுவும் முளைக்கவில்லை. மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி அலை வந்து போக வழிவிட்ட பிறகு காடு திரும்பியது. அந்த வேலையில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். அழித்தது யார், வளர்த்தது யார் என்பதைச் சுற்றுலாப் பலகைகள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2022இல் பிச்சாவரத்தோடு சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு. 2021இல் அதன் ஓரத்தில் சுற்றுச்சூழல் பூங்கா திறந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சதுப்பைத் தின்றது எது? மாநகரத்தின் குப்பையைப் பெருங்குடியில் கொட்டியது யார்? சாலையும் அலுவலகக் கட்டடங்களும் எதன்மேல் நிற்கின்றன? எண்ணூரின் கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல் எந்தப் பெண்ணின் பறியிலிருந்து கொட்டியது? பெருங்குடிக் குப்பை மேட்டில் பெண்கள் கையுறை இல்லாமல் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். அதுவும் அதே சதுப்புதான். அங்கே அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் யாரும் சொல்லவில்லை.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பாசி எடுக்கும் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்களானார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? சங்கமாகக் கூடினார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், பாசி வளரும் காலத்தில் தொடமாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டுச் சூழல் விருது கிடைத்தது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அந்தப் பெண்கள் கொடுத்த பொருள் இது: வேலையை விடாமல், வேலைக்கு அளவு வைப்பது. வாசலும் பூட்டும் இல்லாத பாதுகாப்பு.

இங்கே படித்த, நகரத்துப் பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு டிக்கெட் கிடைத்துவிட்டால் போதுமென்று நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. மரப்பலகையின்மேல் செருப்பில் சேறுபடாமல் நடந்துகொண்டே, கீழே சேற்றில் நிற்கிறவளைப் பார்த்து 'இவங்களை எல்லாம் ஏன் உள்ளே விடுறாங்க?' என்று கேட்கும் குரல் பெண் குரலாகவும் இருக்கலாம். அப்படிக் கேட்டால் நாம் வாசற்காவலின் மறுபக்கத்துக்குப் போய்விட்டோம் என்று பொருள். நாளை அதே காவல் நம்மைப் பார்த்து 'கூட யாரும் வரலையா?' என்று கேட்கும். அவளுடைய பறியைப் பிடுங்கிய கைதான் நம் அடையாள அட்டையைப் பிடுங்குகிறது.

கூட்டம் பெருகினால் சதுப்பு கெடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் மூடுங்கள். ஒலிபெருக்கியையும் பிளாஸ்டிக்கையும் தடுங்கள். அந்த விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். எங்கள் ஒழுக்கத்தை அளக்கும் கோலைச் சூழலியல் என்று சொல்லாதீர்கள்.

எனவே நாம் கேட்பவை இவை. தனியாக வரும் பெண்ணிடம் 'ஏன்' என்று கேட்கும் உரிமை எந்தக் காவலருக்கும் இல்லை என்று பூங்கா விதியிலேயே எழுதுங்கள். கழிப்பறையை வாசலில் மட்டுமல்ல, பாதையின் நடுவிலும் முகாமிலும், தாழ்ப்பாளும் தண்ணீரும் விளக்கும் வைத்துக் கட்டுங்கள். வழிகாட்டிகளிலும் காவலர்களிலும் பெண்கள் வேண்டும், முதலில் அந்த நிலத்தின் பெண்கள் வேண்டும். கல்லூரிகள் மாணவியிடம் கேட்கும் கடிதத்தை மாணவனிடமும் கேட்கட்டும், இல்லையென்றால் இருவரிடமும் கேட்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீன் முதலான விளைபொருள்கள் மீது காடுசார்ந்து வாழும் மக்களுக்குச் சமூக உரிமை தருகிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கின்றன அதன் விதிகள். அவற்றை நிறைவேற்றுங்கள். ஒரு சதுப்பைச் சுற்றிக் கம்பி போடுவதற்கு முன், அதில் கையை விட்டுப் பிழைத்த பெண்களை உட்கார வைத்துக் கேளுங்கள்.

மாணவிகளே, தொல்காப்பியத்தில் நிலத்தை முதற்பொருள் என்று படிக்கிறீர்கள். மரமும் பறவையும் கருப்பொருள். இந்த இரண்டையும் டிக்கெட் போட்டுக் காட்டிவிட முடியும், பலகையில் பெயர் எழுதி வைத்துவிட முடியும். மூன்றாவது உரிப்பொருள். மனிதர் அந்த நிலத்தில் வாழ்ந்து, காத்திருந்து, உழைத்து, வருந்தி உண்டாக்குவது. அது இல்லாத நிலத்துக்கு நம் இலக்கணத்தில் திணை என்ற பெயர் கிடையாது. உங்களை வெளியே நிறுத்திவிட்டு, இறால் எடுப்பவளைத் துரத்திவிட்டு, உள்ளே மிச்சமிருப்பது அழகான படம். அதை நெய்தல் என்று நான் வகுப்பில் சொல்லித்தர மாட்டேன்.

போங்கள். இரண்டு பேராகப் போங்கள், பத்துப் பேராகப் போங்கள், தனியாகவும் போங்கள். காரணம் கேட்டால் சொல்லாதீர்கள். உள்ளே சேற்றில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தால், முதலில் அவளோடு பேசுங்கள்.